கீழே போகாத பை

குவைத்தில், அப்பாசியாவில், நாங்கள் இருந்தது இரண்டே அறைகள் கொண்ட வீடு. மகளின் படிப்பு மேசைதான் சாப்பாட்டு மேசையும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் மூன்றாம் நாளே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். என் கணவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போக ஆரம்பித்தார்.

முதலில் கேட்டேன். “சைட்லேர்ந்து ஒரு கால் வரும்” என்றார். பாத்ரூமில் யார் சைட் கால் பேசுவார்கள்? கதவுக்குப் பக்கத்தில் துணி மடிப்பதுபோல நின்று பார்த்தேன். பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை. ஜிப் திறக்கிற சத்தம், கொஞ்சம் மௌனம், மறுபடி ஜிப். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து தட்டின் முன் உட்கார்ந்துவிடுவார்.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். நான் அங்கே ஒரு இந்தியப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். பதிமூன்று வருடக் கல்யாணத்தில் அவருடைய போனைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் சட்டைப் பையிலிருந்து குப்பைக்கூடை வரை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒருநாள் வாஷிங் மெஷினின் அடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைத்தது. சுண்டுவிரல் நுனி அளவு நீளம், ஒரு பக்கம் மூடியிருந்தது. பேனா மூடி என்று சொல்லவும் முடியாது. அதைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஏதோ ஒரு நாள் அவர் முன்னால் எடுத்து நீட்டவேண்டியிருக்கும் என்று தோன்றியது.

பைக்கு நம்பர் பூட்டும் வந்தது. கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தேன். மகள் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

மனிதரும் மாறிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியது. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போனார். காபியில் சர்க்கரை வேண்டாம் என்றார், ஆபீஸில் எல்லாரும் அப்படித்தான் குடிக்கிறார்களாம். நாற்பத்தி நான்கு வயதில் ஒரு ஆண் திடீரென்று மெலிந்து, பையைப் பூட்டிக்கொண்டு திரிந்தால், பெண்களின் மனசு எங்கே போகுமோ அங்கேதான் என் மனசும் போனது. பிறகு அதைவிட மோசமான இடத்துக்கும் போனது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் லீவுக்கு முன்னால் எப்போதும் இதே பேச்சுதான்: யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போகாதே, மாத்திரை அட்டையாக இருந்தாலும் வாங்காதே, மாட்டினால் நீதான் பதில் சொல்லணும். இவருக்கோ யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது.

ஜூன் மாதம் திருச்சிக்குக் கிளம்பினோம். மாமியார் வீட்டில் ஒரு மாதம். பெட்டி கட்டும்போது அவர்தான் மேற்பார்வை. எண்ணெய், ஷாம்பு எல்லாம் கீழே போகிற பெட்டியில். பவர் பேங்க் கையில்தான். மகளுடைய கிராஃப்ட் கத்தரிக்கோலைக்கூட ஞாபகமாகக் கேட்டு வாங்கிப் பெரிய பெட்டியில் போட்டார். லேப்டாப் பைக்கு நான் கை நீட்டியபோது மட்டும், “அதை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

“என்ன இருக்கு அதுல?”

“லேப்டாப்.”

“லேப்டாப்பைத் தவிர?”

“சார்ஜர்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏர்போர்ட் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் கைப்பைகளையும் எடைபோடச் சொன்னாள். ஆளுக்கு ஏழு கிலோ, லேப்டாப் பையும் அதில் அடக்கம் என்றாள். எங்கள் டிராலி ஒன்றும் அவருடைய பையும் சேர்ந்து அளவைத் தாண்டின. ஃப்ளைட் நிறைந்திருக்கிறது, இரண்டில் ஒன்றைக் கீழே அனுப்பிவிடலாம் என்று சொல்லி, தன் பக்கத்தில் இருந்த லேப்டாப் பையில் டேக் மாட்டப் போனாள்.

அவர் அதைப் பிடுங்கினார். பிடுங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். “இது கீழ போகாது! அதை அனுப்புங்க!” வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கே தயங்குகிற மனிதர்.

“டிராலியில என் நகை இருக்குங்க” என்றேன்.

“எடுத்துக் கழுத்துல போட்டுக்க.”

அந்தக் கவுண்டர் முன்னால் மண்டியிட்டு டிராலியைத் திறந்து, ஆரத்தையும் ஆறு வளையல்களையும் ஒட்டியாணம் தவிர மற்ற எல்லாவற்றையும் சுடிதாரின் மேல் மாட்டிக்கொண்டேன். ஒட்டியாணத்தைக் கைப்பையில் திணித்தேன். மகள், “அம்மா, எவ்ரிபடி இஸ் லுக்கிங்” என்று என் தோளைச் சுரண்டினாள். எனக்கு வெட்கமாக இல்லை. பயமாக இருந்தது. நகையைவிடக் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டிய பொருள் அந்தப் பையில் என்ன?

நகையால் ஒரு வம்பு வந்தது. செக்யூரிட்டியில் நான் நுழைந்ததும் இயந்திரம் அலறியது. சீருடையில் இருந்த பெண் என்னைத் திரை மறைவுக்குள் அழைத்துப்போய்க் கையைத் தூக்கச் சொன்னாள். திரையின் இடுக்கு வழியாக எனக்கு அவருடைய பை தெரிந்தது. எக்ஸ்ரே பெல்ட்டிலிருந்து அதைத் தனியாகத் தள்ளிவைத்திருந்தார்கள். இளம் காவலர் ஒருவர் மேசையைத் தட்டி, “ஓப்பன்” என்றார். இவர் நம்பர் பூட்டைத் திருகினார். இரண்டு தடவை தவறியது.

முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஊரில் யாருக்கு முதலில் போன் செய்வது, மகளை யாரோடு அனுப்புவது, என் பள்ளி வேலை நிற்குமா என்பது வரை யோசித்துவிட்டேன். அந்தப் பெண் “ஓகே, கோ” என்றதும் செருப்பைக்கூட எடுக்காமல் மேசைக்கு ஓடினேன்.

லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு நீலப் பை. அதற்குள் பாதி உருகிய ஐஸ் ஜெல். அதற்கு நடுவே மூன்று தடித்த பேனாக்கள். ஒரு சின்ன அட்டைப்பெட்டியிலிருந்து காவலர் எடுத்துக்காட்டியது நான் கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்த அதே மாதிரிக் குழாய், உள்ளே ஊசியோடு.

“ஷினு ஹாதா?” என்றார் காவலர். இது என்ன என்று கேட்கிறார்.

“இன்சுலின். என்னோடது” என்றார் என் கணவர், ஆங்கிலத்தில். என் பக்கம் திரும்பவே இல்லை.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த டாக்டர் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். காவலர் ஜெல்லைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார். அந்த அதிகாரி கடிதத்தில் இருந்த பெயரையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப்பார்த்து, பேனாக்களை ஒவ்வொன்றாக எண்ணி, வந்த மாதிரியே திருப்பி வைத்தார். “கலாஸ். யல்லா” என்றார். முடிந்தது, கிளம்புங்கள். அவ்வளவுதான்.

கேட்டில் மகளை ஜன்னலோரம் விமானம் பார்க்க அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம். எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்.

“எத்தனை நாளா?”

“எட்டு மாசம். மாத்திரையில அடங்கல. மிச்ச இன்சுலினை ஆபீஸ் ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீதானே சொன்ன.”

நான் சொன்னது ஞாபகம் வந்தது. என் அப்பா சர்க்கரை நோயில் போனார். முதலில் கால் விரல், பிறகு சிறுநீரகம். கடைசி வருடம் நான்தான் லீவு போட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டேன். காரியம் முடிந்து குவைத் திரும்பிய அன்று, இந்த வியாதியை இன்னொரு தடவை என் வீட்டுக்குள்ள பார்க்க என்னால முடியாது, பார்த்தா ஓடிப்போயிருவேன் என்று இவரிடம் அழுதேன். அழுகையில் சொன்னது. அதை அவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மெலிந்ததும், அடிக்கடி பாத்ரூம் போனதும், சர்க்கரை வேண்டாம் என்றதும் எனக்குத் தெரியாத அடையாளங்களா? அப்பாவிடம் ஒவ்வொன்றாகப் பார்த்தவள் நான். என் சந்தேகம் வேறு வழியில் ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

“கீழ அனுப்பினா உறைஞ்சிரும்னு டாக்டர் சொன்னார். உறைஞ்சா கெட்டுரும். அதான் கத்திட்டேன்” என்றார். பிறகு, “நீ என்னன்னு நினைச்ச?”

“யாரோ குடுத்த பார்சலை எடுத்துட்டு வர்றீங்கன்னு நினைச்சேன்.”

அவர் சிரித்தார். நான் நினைத்த மற்றதையெல்லாம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

விமானத்தில் சாப்பாடு வந்தபோது அவர் எழுந்திருக்கப் பார்த்தார். “இங்கயே போடுங்க” என்றேன். சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றுச் சதையைக் கிள்ளி, பேனாவைக் குத்தி அழுத்தினார். சுற்றிலும் பழைய தடங்கள், சின்னச் சின்ன ஊதாப் புள்ளிகள். ஊசியை எடுக்காமல் உதடு மட்டும் அசைய பத்துவரை எண்ணினார். நானும் எண்ணினேன். மகள் பார்த்துவிட்டு, வலிக்குமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார்.

திருச்சியில் அத்தை எங்களுக்காகப் பால் பாயசம் வைத்திருந்தார். தன் மகன் டம்ளரைக் கையால் மூடியதைப் பார்த்ததும், “ஏண்டா?” என்றார். இவர் என்னைப் பார்த்தார்.

“அவருக்குச் சுகர், அத்தை. ஊசி போட்டுக்கிறார்.”

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். “எத்தனை நாளா? உனக்கு எப்பத் தெரியும்?”

இன்று மத்தியானம்தான், அதுவும் ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்து காட்டித்தான் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற தாய் முன்னால் அவரை அப்படி நிறுத்த மனசு வரவில்லை. அதோடு, எட்டு மாதம் என் புருஷன் என்னை நம்பிச் சொல்லவில்லை என்று மாமியார் வீட்டுச் சமையலறையில் ஒப்புக்கொள்ளவும் நான் தயாராக இல்லை.

“ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். நான்தான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னேன்.”

என் கணவர் வாயைத் திறந்தார். அவர் காலை என் காலால் அழுத்தினேன்.

அந்த ஒரு மாதமும் அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் மகன் தட்டில் நான் எதை வைத்தாலும் எட்டிப் பார்த்தார். அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினால் போதும், யாரும் கேட்காத தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார்.