இரண்டாம் வகுப்பா, மூன்றாம் வகுப்பா

ரொறொன்ரோவிலிருந்து தங்கையின் மகள் போன வாரம் கூப்பிட்டாள். கொழும்பில் இரண்டு நாள் நிற்கப்போகிறாளாம், ஊரைச் சுற்றிப் பார்க்க எந்த டிக்கெட் எடுப்பது நல்லதென்று கேட்டாள். அங்கேயெல்லாம் ஒரு டிக்கெட்டோடு நாள் முழுக்க பஸ், ரயில் எல்லாவற்றிலும் ஏறி இறங்கலாமாம். அப்படியொன்றும் இங்கே கிடையாது, பஸ்ஸென்றால் ஏறியபின் கொண்டக்டர் வருவார், கரையோர ரயிலென்றால் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் இருக்கிறது என்றேன்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், பெரியம்மா?"

வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. ஒன்றில் இருக்கை கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான வித்தியாசத்தைத் தொலைபேசியில் விளங்கப்படுத்த முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். டைப் அடிப்பதைவிட கார்பன் பேப்பரின் மையைச் சேலையில் அப்பிக்கொள்வதில் எனக்குத் திறமை அதிகம். இன்றைக்கும் அந்த மை வாசனை எங்கேயாவது வந்தால், கல்யாணம் ஆகாமல் வீட்டாருக்குக் கவலை கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணாக நான் ஆகிவிடுவேன். இரண்டு சம்பந்தங்கள் சீதனத்தில் முறிந்திருந்தன. மூன்றாவதாக வெள்ளவத்தையில் ஒரு மாப்பிள்ளை வந்தது.

பெண்ணை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் ஒழுங்கை முழுக்கக் கதை பரவும். ஆகவே எங்காவது பொது இடத்தில் தற்செயலாகச் சந்திப்பதுபோலப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால் நாலைந்து குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். எங்கள் புரோக்கர் புதுமை விரும்பி. கோயிலை விட்டுவிட்டு ரயிலைச் சொன்னார். இரண்டு வீட்டாரும் கொழும்பைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களைப்போலக் கோட்டையில் ஏறி, கடலைப் பார்த்தபடி கல்கிசைக்குப் போவது. அதற்காக வெள்ளவத்தைக்காரர் கோட்டைக்கு பஸ் பிடித்து வந்து, திரும்பத் தங்கள் வீட்டைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

டிக்கெட்டை மட்டும் அவரவரே எடுக்கவேண்டும். ஒரு வீட்டார் மற்றவர்களுக்கும் சேர்த்து எடுத்தால் சம்பந்தம் முடிவான மாதிரி ஆகிவிடும். எந்த வகுப்பென்று சொல்லப் புரோக்கர் மறந்துபோனார்.

அப்பா மூன்றாம் வகுப்பு எடுத்தார். அம்மாவின் பதக்கச் சங்கிலியை முதலே வீட்டில் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் வகுப்பு எடுத்து எங்கோ முன்னால் ஏறிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. என் படத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள், நான் அவரைப் பார்த்ததேயில்லை. தலையாட்டுமுன் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க இருந்த ஒரே வாய்ப்பும் போயிற்றே என்று கடலை முறைத்துக்கொண்டிருந்தேன்.

கொள்ளுப்பிட்டியில் ஓர் இளைஞர் ஓடிவந்து எங்கள் பெட்டியில் தொற்றினார். அந்த நெரிசலுக்குப் பொருந்தாத இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக நின்றார். அப்பாவோ முன்பின் தெரியாதவர்களிடம் மனம்விட்டுப் பேசும் இனம். கோட்டையில் வாங்கிய வறுத்த கடலைச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பயணம் என்று அவரை விசாரித்து, அவர் பதில் சொல்லுமுன் எங்கள் பயணத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொறு பிள்ளை என்று கையைத் தட்டிவிட்டார்.

"கையிலை இல்லாமல் இல்லைத் தம்பி. செக்கண்ட் கிளாஸ் எடுத்தால், அவையள் சீதனத்தைக் கூட்டிப் போடுவினம்."

"அப்ப அவையள் செக்கண்ட் கிளாஸிலையோ வந்திருக்கினம், ஐயா?"

"வேறை எதிலை? மாப்பிள்ளையின்ரை தாய் கொஞ்சம் எடுப்பான, பெருமைக்கார மனுசியாம்."

"ஓம்," என்றார் அவர் அமைதியாக. "கொஞ்சம் எடுப்புத்தான்."

அவர் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்கு விளங்க இன்னும் ஒரு ஸ்டேஷன் வேண்டியிருந்தது. பம்பலப்பிட்டியில் புரோக்கர் மூச்சிரைக்க ஏறி, மாப்பிள்ளைத் தம்பி இங்கேயா நிற்கிறீர்கள், அம்மா அங்கே தேடுகிறா என்றார். அப்பா கையிலிருந்த கடலைச் சுருளை மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் சிரிக்காமல் வாங்கி ஒன்றை வாயில் போட்டார். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கல்கிசை வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளை தன் தாயிடம், பாவம் அம்மா, மூன்றாம் வகுப்பில் வந்த சனம், சீதனம் அதிகம் கேட்காதேயுங்கோ என்றாராம். மாமியும் இரங்கிவிட்டார். கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அப்பா மருமகனுக்குப் பயந்தே வாழ்ந்தார். சாப்பாட்டில் மாமனாருடைய பங்குப் பொரியலில் கண் விழுந்தால் இவர் மெதுவாக, "மாமா, ஒருக்கால் கோச்சியிலை கல்கிசைக்குப் போவமே?" என்பார். பொரியல் இடம் மாறிவிடும்.

மாட்டிக்கொண்டது நான்தான். இல்லாத வீட்டுப் பெண் என்று மாமி என்மேல் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத் தன் பழைய சேலைகளையெல்லாம் எனக்குத் தந்தார். எங்கள் வீட்டிலும் வசதி இருக்கிறதைச் சொல்லிவிட எத்தனையோ தடவை வாய் உன்னியது. சொன்னால் அப்பா பொய்யராவார், இவர் அதற்குக் கூட்டாளியாவார். சேலையை வாங்கி உடுத்திக்கொண்டேன்.

அப்பா முதலில் போனார். பிறகு மாமி, கடைசிவரை என்னை ஏழை வீட்டுப் பிள்ளை என்று நம்பியபடி. போன வருஷம் இவரும் போய்விட்டார். இப்போது இதை நான் எங்கேயும் எழுதலாம், யாரிடமும் சொல்லலாம், வெட்கப்படவோ கோபிக்கவோ ஆளில்லை. மாமி மட்டுமாவது இருந்து இதை வாசித்துவிட்டு, சேலைகளைத் திருப்பித் தா என்று சண்டைக்கு வரமாட்டாரா என்று இருக்கிறது.