ஆண்டவரிடம் கக்கூஸ் கேட்டேன்

பிரியமான சகோதர சகோதரிகளே, நோய் தீர ஜெபித்தவர்கள் இங்கே உண்டு. கடன் தீர ஜெபித்தவர்களும் உண்டு. நான் ஒரு கக்கூஸுக்காக ஜெபித்தவள். சிரிக்க வேண்டாம். அந்த ஜெபத்தைக் கேட்ட ஆண்டவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லத்தான் இதை எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

நாங்கள் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவுக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அம்மா அதே கம்பெனியில் துணியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒற்றை அறை. அந்த வரிசையின் கடைசியில் இரண்டு கக்கூஸ்கள். ஒன்றுக்குப் பூட்டு உண்டு, சாவி தமிழ்க் குடும்பங்களிடம் இருக்கும். இன்னொன்று எங்களுக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கும்.

அதை விவரமாகத்தான் சொல்லப் போகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் பொத்திக்கொள்ளலாம். கதவு கீழ்ப்பாதி அழுகிப்போயிருந்தது. தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பீங்கான் உடைந்து, குழி அடைத்துக்கொண்டு, எப்போதும் விளிம்பு வரை நிறைந்து நிற்கும். சுவரில் புழு ஏறும். பக்கத்துச் சாக்கடையில் சாயத்தண்ணீர் ஒரு நாள் நீலமாகவும் ஒரு நாள் சிவப்பாகவும் ஓடும். மழை பெய்தால் அதுவும் உள்ளே வந்து எல்லாம் ஒன்றாகக் கலந்து காலை நனைக்கும். முதல் நாள் உள்ளே போய்விட்டு வந்தவள் அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் குமட்டுகிறது.

அப்பா வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டார்.

"ஏம்ப்பா, உங்கூர்ல காட்டுக்குத்தான போயிட்டிருந்தீங்க? இங்க வந்ததும் பங்களா கேக்குதா?" என்றார் அவர்.

அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். ஊரில் எங்கள் வீட்டுக் கக்கூஸுக்கு ஓலை மறைப்புதான். ஆனாலும் அம்மா தினமும் சாம்பல் தூவி, ஒரு ஈ மொய்க்காமல் வைத்திருப்பாள். அந்த மறைப்பைக்கூடப் பார்த்திராத மனிதர் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். லைனில் இருந்தவர்களும் அப்படித்தான். நாங்கள் குழாயடிக்குப் போனால் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். "இந்திக்காரங்க வந்தாலே நாத்தம்" என்பார்கள். எங்களுக்கு இந்தியே சரியாக வராது. அந்த நாற்றத்தில் எங்களைத் தள்ளியது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழியை நான் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டேன். குடித்தால்தானே போக வேண்டும்? பள்ளிக்கூடத்துக் கக்கூஸும் தண்ணீர் வராமல் பூட்டியே கிடந்தது. காலையில் ஒரு வாய், ராத்திரி ஒரு வாய். அவ்வளவுதான்.

நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. ஒரே ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள்தான் மைமூன். அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா பனியன் வேஸ்ட் துணி வியாபாரி. எங்கள் லைனுக்கு நேர் பின்னால் அவர்களுடைய குடோன், அதை ஒட்டியே வீடு. எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவள் அவள். முதலில் வசவெல்லாம் சொல்லிக்கொடுத்தாள், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் நெருப்பு வைத்ததுபோல எரிந்தது. சிறுநீரில் ரத்தம் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவைத் திட்டினார். இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னி போய்விடும் என்றார். அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஊருக்குப் போகிற ஒருவரோடு என்னைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பள்ளிக்கூடமும் கிடையாது, அம்மாவும் கிடையாது. நான் பாயில் சுருண்டு கிடந்தேன். செத்துப்போனால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா, கம்பெனியில் தன்னோடு வேலை செய்த ஒரு அக்காவோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கேட்டால் கொடுப்பார் என்று அங்கே சொன்னார்களாம். நான் கேட்டேன். சுகம் கொடு என்று கேட்கவில்லை. "இயேசுவே, ஒரு நல்ல கக்கூஸ் கொடு, என்னை அம்மாவிடமிருந்து பிரிக்காதே" என்று எங்கள் பாஷையில் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மைமூன் வந்து வாசலில் நின்றாள்.

"ஏன்டி ஸ்கூலுக்கு வரல?"

"ஊருக்கு அனுப்பப் போறாங்க."

"எதுக்கு?"

எனக்கு அதைச் சொல்ல வார்த்தை தெரியவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். அவள் நேராகப் போய் அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற இட்லி முழுக்க வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இதுலயாடி போற?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

அதுவரை எல்லோரும் எங்களைப் பார்த்துத்தான் அருவருத்தார்கள். எங்களுக்குச் செய்திருந்ததைப் பார்த்து அருவருத்தவள் அவள் ஒருத்திதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குடோன் வழியாக அவள் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா காய்ச்சலடித்த என் முகத்தைப் பார்த்தார். மைமூன் மூச்சு விடாமல் சொன்னதைக் கேட்டார்.

"செருப்ப வெளிய உட்டுட்டுப் போ கண்ணு. தண்ணி நெறயா ஊத்திக்க," என்றார்.

சிமெண்டுத் தரை, வெள்ளைப் பீங்கான், பினாயில் வாசனை, நிறைந்த வாளி, உள்ளே தாழ்ப்பாள். அதைப் போட்டுக்கொண்டு அழுதேன். அங்கே உட்கார்ந்துதான் என் முதல் ஸ்தோத்திரத்தைச் சொன்னேன். தப்பென்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வெளியே வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அன்றிலிருந்து விடியற்காலையில் பாங்கு சொல்லும் நேரத்துக்கு மைமூன் எழுந்து குடோனின் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். அம்மாவும் நானும் போவோம். பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி போவேன். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது அவளுடைய அத்தா வந்து திறந்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். காய்ச்சல் விட்டது, எரிச்சல் நின்றது. அப்பா ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. அந்த லைனை விட்டு நாங்கள் காலி செய்யும் வரை அந்தக் கதவு ஒரு நாளும் மூடிக் கிடந்ததில்லை.

இன்று நான் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். என் கிட்னி நன்றாக இருக்கிறது. போன வாரம், இந்த நன்றிக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி நம் சபையில் பொறுப்பில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டார். நான் இந்தக் கதையைச் சொன்னதும் அவர் முகம் கோணியது.

"அந்த எடத்தப் பத்தியெல்லாம் வேண்டாமுங்க சரிதா. சொகமில்லாம இருந்துச்சு, ஆண்டவர் தொட்டாருன்னு சொல்லுங்க, போதும். அந்தப் புள்ள பேரும் வேண்டாம், ஒரு சிநேகிதின்னு சொல்லுங்க. ஆமா, அவங்க ரட்சிக்கப்பட்டுட்டாங்களா, நம்ம ஆண்டவர ஏத்துக்கிட்டாங்களா?"

எனக்கு அந்தப் பழைய குமட்டல் வந்தது. மைமூனைப் பற்றிய அந்தக் கேள்வியை, அவளை என்னிடம் அனுப்பின ஆண்டவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அக்கா.

அதோடு முடியவில்லை. நம் சபைக் கட்டடத்துக்குப் பின்னாலும் இரண்டு கக்கூஸ்கள் இருக்கின்றன. ஒன்றில் பூட்டு. இன்னொன்று கம்பெனி ஹாஸ்டலிலிருந்து ஆராதனைக்கு வரும் ஒடிசாப் பெண்களுக்கு. அன்று அதற்குள் போய்ப் பார்த்தேன். குழாய் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. அதே நாற்றம். அந்தப் பெண்களில் பினீதா என்று ஒருத்தி, காலையிலிருந்து மதியம் வரை கையில் நிறைந்த தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். தாகமில்லை அக்கா என்பாள். இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லை. பூட்டைப் பற்றி அதே அக்காவிடம் கேட்டேன்.

"அதுகளுக்குப் பொழங்கத் தெரியாதுங்க. அசிங்கம் பண்ணிருவாங்க," என்றார்.

ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிப் பாடியவர்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார். நேற்று அவரிடமே சாவியை வாங்கினேன். மங்கலத்தில் தறி ஓட்டும் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மைமூனுக்கு போன் செய்தேன். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பிளீச்சிங் பவுடரோடு வந்து இறங்கினாள். இந்தத் தடவை வாந்தி எடுக்கவில்லை.

"என்னடி, உங்க சாமி ஊடு இந்த நாத்தம் நாறுது?" என்று கேட்டுக்கொண்டே சேலையை இழுத்துச் செருகினாள்.

இரண்டையும் தேய்த்துக் கழுவினோம். பிளம்பரைக் கூட்டிவந்து குழாய் போட்டோம், தாழ்ப்பாள் வைத்தோம். பூட்டு என் கைப்பையில் இருக்கிறது. நான் திருப்பித் தரப்போவதில்லை.

பிரியமானவர்களே, எதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதோ அதை ஆண்டவரிடம் கேளுங்கள். கொடுப்பார். நான் கேட்டு வாங்கியவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். யார் கையால் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்கு நீங்கள் சொல்லாதீர்கள்.

பினீதா, இரண்டு கதவும் திறந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடி.