சைதுன்னிசா சோதித்த டிஷ் ஸ்விட்ச்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் சைதுன்னிசா. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவள் மேலேயே பழி விழுந்தால் சும்மா இருப்பாளா?

அவிநாசிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தாள். எல்லா வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே டிஷ். அதன் வயர் ஒரு சின்ன ஸ்விட்ச் டப்பாவுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வீடு பிரியும். குடிவந்த கையோடு சைதுன்னிசாவும் ஒரு வயர் இழுத்துக்கொண்டாள். ஐப்பசி மழை பிடித்தது. கொஞ்ச நாளில் அத்தனை டிவியும் படுத்துவிட்டது.

"நீ வயரச் சொருகுன பொறவுதான அம்மிணி இப்பிடி ஆச்சு? ஞாயித்துக்கெழம ஊட்டக் காலி பண்ணிக்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள் வீட்டுக்காரி காளியாத்தாள்.

எங்கே போவது? பெயரைக் கேட்டதுமே, 'இப்பத்தான் வேற ஆளு வந்துட்டாங்க' என்று கதவைச் சாத்தினவர்கள் எத்தனை பேர்! அலையாய் அலைந்து கிடைத்த வீடு இது.

டிஷ் மாட்டும் வேலை செய்கிற அண்ணன் முகமது ரபீக்கைப் போனில் பிடித்தாள்.

"எல்லார் ஊட்டு டிவி பாக்ஸயும் ஆஃப் பண்ணிட்டு உன் வயரக் கழட்டிப் பாரு. அப்பவும் வரலீன்னா, ஸ்விட்ச வுட்டுட்டு டிஷ் வயரயும் ஒரு ஊட்டு வயரயும் நேரா ஜாயின் பண்ணு" என்றான் அவன்.

ஞாயிறு காலையில் மாடி ஏறினாள். காளியாத்தாளும் பின்னாலேயே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். ஸ்விட்சில் யாரோ பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தார்கள். அதை விலக்கித் தன் வயரைக் கழற்றினாள்.

"ஜோதிகா, பாக்ஸப் போடு. வருதா?"

"இல்லக்கா!" கீழேயிருந்து பக்கத்து வீட்டு ஜோதிகா கத்தினாள்.

"கெடுத்தது கெடுத்ததுதான். கழட்டுனா வந்துருமாக்கும்" என்றாள் காளியாத்தாள்.

மறுபடி பாக்ஸை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜோதிகா வீட்டு வயரை டிஷ் வயரோடு நேராக இணைத்தாள். இதிலும் வராவிட்டால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். யா அல்லா!

"இப்பப் போடு கண்ணு!"

காளியாத்தாள் படியிறங்கத் திரும்பினாள்.

"அக்கா, வந்துருச்சு! பளிச்சுன்னு வருது!"

அப்படியானால் ஸ்விட்ச்தான். துணியை முழுசாக உருவினாள். தண்ணீர் ஒழுகியது. வயர் மாட்டும் முனையெல்லாம் துரு.

"நான் மாட்டறப்ப இந்தத் துணி இல்லீங்கக்கா. ஈரத்தப் புடிச்சு வச்சே ஸ்விட்ச அரிச்சுருச்சு. ஆருங்க கட்டுனது?"

கேட்ட பிறகுதான் காளியாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அய்யோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா! வீட்டுக்காரியையே குற்றம் சொன்னவளை எவள் குடிவைப்பாள்?

"நாந்தான் கட்டுனேன். மழைல நனையுமேன்னு" என்றாள் காளியாத்தாள். போனை எடுத்தாள்.

"ஏனுங்க, மத்தியானம் சாமானோட குடி வாரேன்னீங்கல்ல? வராதீங்க. ஊடு காலி இல்லீங்க."

மத்தியானமா! சைதுன்னிசா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.