அத்தானின் சுடுதண்ணீர்ப் போத்தல்

எங்கள் தோட்டத்துக் கொட்டிலில் நீல நிறச் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று ஆணியில் தொங்குகிறது. ஒரு பக்கம் நசுங்கி, மூடியும் மாறிப்போய், பார்க்க ஒரு வடிவும் இல்லை. அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமே என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன். பிள்ளைகளே, அது உங்கள் மாமாவுடையது. எனக்கு அவர் அத்தான், என் அக்காவின் கணவர்.

நீங்கள் பிறப்பதற்கு முந்திய கதை இது. லண்டனில் எனக்கென்று ஒருவரும் இல்லாமல் பல வருடம் இருந்த பிறகு, அக்காவும் அத்தானும் பாரிசிலிருந்து வந்து ஃபாரஸ்ட் கேட் பகுதியில் என் அடுத்த தெருவில் குடியேறினார்கள். வேலை முடிந்து வரும்போது அக்கா வீட்டு வெளிச்சம் தெரிந்தாலே எனக்குப் பசி வந்துவிடும். ஆனால் அத்தானுக்கு லண்டன் பிடிக்கவே இல்லை. சாப்பிடுகிற பாணைக் குறை சொன்னார், பஸ்ஸைக் குறை சொன்னார், வானத்தையும் விடவில்லை. திரும்பிப் போவோம் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அவர்கள் போய்விட்டால் என் கதி என்ன என்று எனக்குள்ளே ஒரே பயம்.

கவுன்சில் எனக்கு வாடகைக்குத் தந்திருந்த இந்தத் தோட்டத் துண்டுக்கு அந்தக் கார்த்திகையில் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். புறோட் பீன்ஸ் என்று இங்கே சொல்கிற பெரிய அவரையின் விதையைக் கையில் கொடுத்தேன். குளிர் தொடங்கும்போது ஊன்றினால் அது பனிக்காலம் முழுவதும் நின்று கோடையில் காய்க்கும் என்று விதைப் பையில் போட்டிருந்தது. அத்தான் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் துண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பனிக்குள்ள அவரை நடுகினமாம்! இஞ்ச செடிக்கும் விசர், சனத்துக்கும் விசர்." சொல்லிக்கொண்டே கயிறு பிடித்து, நேராக வரிசை போட்டு, ஒவ்வொரு விதையாக ஊன்றியதும் அவர்தான். சின்ன வயதில் வெங்காயத் தோட்டத்தில் நின்ற கை அது.

அன்று சாப்பிடும்போது அக்கா ஒரே பேச்சில் வழக்கை முடித்தா. "இஞ்சருங்கோ, அந்த அவரை காய்க்கட்டும். காய்க்காமல் செத்துதெண்டால் நாங்கள் பாரிசுக்குப் போவம், நானே பெட்டி அடுக்கிறன். காய்ச்சால் இந்தக் கதையை விட்டிடோணும். சரியோ?" அத்தான் "ஓம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அக்கா பக்கத்தில் இருப்பதும் இல்லாததும் இன்னும் முளைக்கவே இல்லாத விதைகளின் கையில் போய்விட்டதே!

மார்கழியில் முதல் பெரிய உறைபனி விழுந்தது. காலையில் தோட்டத்துக்கு ஓடினேன். செடிகள் எல்லாம் தண்டு கறுத்துப்போய், மிதித்துவிட்டது போல மண்ணோடு படுத்திருந்தன. நடுவில் அத்தான் குனிந்து நிற்கிறார். கையில் இந்த நீலப் போத்தல், ஆளைச் சுற்றி ஆவி.

"அத்தான், என்ன செய்யிறியள்?"

"கழுவுறன் தம்பி. ஊரில வெங்காயத்தில பனி விழுந்தால் வெயில் ஏற முந்தித் தண்ணி தெளிச்சுக் கழுவுறேல்லையே? இஞ்ச குளிர் கூட, அதுதான் சுடுதண்ணி."

அவர் ஊற்றிய தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே இலையில் கண்ணாடி போல் உறைந்தது. அரை வரிசையோடு போத்தலும் காலி. அத்தான் முகம் செத்துப்போயிற்று. "எல்லாத்தையும் நானே அவிச்சுப் போட்டன் போல" என்றார். இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தோம். குடிக்கத் தேநீர்கூட இல்லை, போத்தல்தான் செடிக்குப் போய்விட்டதே. வீட்டுக்குப் போவோம் என்றேன். அவர் எழும்பவில்லை.

மத்தியானம் ஆகும்போது ரயில் பாதைக்கு மேலால் வெயில் எட்டிப் பார்த்தது. தண்ணீர் படாத வரிசையில் ஒரு செடி மெல்லத் தலையைத் தூக்கியது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. பிறகு வரிசையாக, ஒருவரையொருவர் பார்த்து எழும்புவது போல. பனியில் படுத்து வெயிலில் எழும்புவது அந்தச் செடியின் வழக்கம் என்று எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது. அத்தான் என் தோளில் ஓங்கி அடித்தார். "தம்பி, எழும்பிட்டினம்! அங்க பார், எழும்பிட்டினம்!"

அந்தச் சந்தோசத்தில் போத்தல் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து நசுங்கியது.

வீட்டில் அக்கா எல்லாம் கேட்டுவிட்டு அகப்பையோடு அவருக்கு முன்னால் வந்து நின்றா. "செத்தால் பாரிசு எண்டு சொன்னனான் எல்லே? போகப்போற மனிசன் ஏன் விடியக் காலமை சுடுதண்ணியோட ஓடினவர்?" அத்தானுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "கதைக்காமல் சோத்தைப் போடும்" என்றார். அன்று நான் மூன்று பேருக்கான சாப்பாடு சாப்பிட்டேன்.

சுடுதண்ணீர் பட்டவை கருகிப் போயின. அவற்றில் சிலதுகூட மாசி மாதம் அடியிலிருந்து திரும்பத் துளிர்த்தன. கோடையில் காய் வந்தபோது அக்கா தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைத்தா. பாரிசைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அத்தானுக்கு முழங்கால் ஏலாது, தோட்டத்துக்கு வருவதில்லை. நேற்றும் நல்ல உறைபனி. காலையில் போய்ப் பார்த்தேன், எல்லாம் படுத்துக் கிடந்தன. வாளியைக் கவிழ்த்து இருந்து, அந்த நசுங்கிய போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தேன். வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் ஃபோன் அடித்தது. ஹலோ என்றுகூடச் சொல்லாமல் அத்தான் கேட்டார்:

"எழும்பிட்டினமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான்" என்றேன். ஃபோனை வைக்காமல் இரண்டு பேரும் காத்திருந்தோம்.