உலகத்தின் பாதம்

மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆட்சேபம் மேடம்'. முதுகலையில் இஸ்லாமியத் தத்துவம் நடத்துகிறவள். பழைய அரபு நூலை வரிவரியாகச் சத்தமாக வாசிக்க வைப்பாள். வாசித்த கையோடு, "இதுல எதை ஒத்துக்க மாட்டீங்க?" என்று கிளறியும் விடுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதானே! பாடக்குழுவிலிருந்த மார்க்க அறிஞர் ஹஜ்ரத்துக்கு மாணவர்கள் நூலை எதிர்த்துப் பேசுவது பிடிக்கவில்லை. துறைத் தலைவருக்கு அந்த நூலே பிடிக்கவில்லை, சுருக்கக் குறிப்பு போதும் என்றார். வீட்டில் மாமியார், "உலகத்துக்கு ஆரம்பம் உண்டா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம், உலை வெச்சாச்சா?" என்பார். மாமியாரோடு மட்டும் அவள் வாதத்துக்குப் போவதில்லை.

ஒருநாள் ஹஜ்ரத்தும் தலைவரும் வகுப்புக்கே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாடம் இப்படியே தொடருமா, மாறுமா என்று அன்றைக்கே முடிவு. அவள் நூலைத் திறந்தாள்.

பழைய அச்சில் உயிர்க்குறிகள் கிடையாது. ஒரே எழுத்துகளைக் 'கிதம்' என்று வாசித்தால் ஆரம்பமின்மை, 'கதம்' என்று வாசித்தால் பாதம். எத்தனையோ தடவை நடத்திய வரிதான். அன்று வாய் 'கதம்' என்றது, பொருளும் அதன் பின்னாலேயே ஓடியது: "உலகத்தோட பாதத்தைப் பத்தின விவாதம்." ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்கு உலகத்தின் அடியே சறுக்கிவிட்டது.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "மேடம், அடுத்த வரியில 'ஆரம்பம் இல்லைன்னு சொல்றவங்க'ன்னு வருதே. அப்ப அது 'கிதம்'தானே?"

"வாசிக்கவே தடுமாற்றம், இதுல ஆட்சேபம் வேறயா?" என்றார் ஹஜ்ரத்.

"உங்களுக்கே இந்தக் கதின்னா பசங்க பாவம். குறிப்பே போதும்," என்றார் தலைவர்.

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் நூலை மூடாமலே பேசினாள்.

"தப்பு என்னோடதுதான். ஆனா ஹஜ்ரத், இந்தப் பொண்ணை நான் வாயை மூடி உக்கார வெச்சிருந்தா, இன்னிக்கு உலகத்துக்குக் கால் முளைச்சிருக்கும். சார், இவ கையில மூலம் இல்லாம என் குறிப்பு மட்டும் இருந்திருந்தா, அடுத்த வரியை எங்க போய்ப் பாத்திருப்பா? மூல நூல், ஆட்சேபம், இந்த ரெண்டுல எது போனாலும் என் தப்பு அப்படியே நிக்கும். ரெண்டும் இருக்கும். இல்லைன்னா இந்தப் பாடத்தை நடத்த வேற ஆளைப் பாத்துக்கோங்க."

ஹஜ்ரத் பக்கத்து மாணவனின் நூலை இழுத்து, அந்த இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

"பொண்ணு சரியாத்தான் பிடிச்சிருக்கு," என்றார் தலைவரிடம். "பாடம் இப்படியே இருக்கட்டும்."

தலைவர் தோளைக் குலுக்கினார். "நீங்களே சொன்னா சரி."

"ஆனா வாசிப்புக்கு நானும் வந்து உக்காருவேன்," என்றார் ஹஜ்ரத் அவளிடம்.

"தாராளமா வாங்க, ஹஜ்ரத். நீங்க தப்பா வாசிச்சாலும் பசங்க சொல்லுவாங்க."