சிட்லபாக்கத்திலிருந்து திருமுடிவாக்கம்: அண்ணன் தனியாகப் போன வழி

மலைப் பயணங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், மேலே ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது கடல் மட்டத்தில் நடந்தது. 1997 பிப்ரவரியில் நான் போன ஒரு பயணத்தை எழுதினால்தான் அது புரியும். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். அதைவிடப் பரபரப்பான பயணம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

என் அண்ணன் எட்வின் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர். முந்தைய ஆண்டு ஓர் எஃகுத் தொட்டிக்குள் இறங்கி ஆர்கான் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். ஆர்கான் வாயுவுக்கு வாசனை கிடையாது, காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் சாய்ந்துவிட்டான். வெளியே இழுத்து மூச்சை மீட்பதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன. மூளை ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களே அதற்கு அதிகம். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதிதான் சீக்கிரம் அடிபடும் என்றார் மருத்துவர். அண்ணனுக்கு வெல்டிங் மறக்கவில்லை, எங்கள் பெயர்கள் மறக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டான் என்பதுதான் மதியம் தெரியாது.

பட்டறை முதலாளி நல்லவர். டிரில்லிங் மெஷினில் வேலை தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. "தனியா வந்துட்டுத் தனியா போகட்டும்மா. அப்புறம் பாக்கலாம்." ஞாபகம் மெதுவாகத் தேறும் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. அப்போது விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன், எதற்கும் ஆதாரம் கேட்கிற வயது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அவனைப் பின்தொடர்ந்தேன்.

காலை 7.10க்கு வீட்டிலிருந்து கிளம்பினான். சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பதினெட்டு நிமிட நடை. டிக்கெட் இரண்டு ரூபாய். அவன் பொதுப் பெட்டியில் ஏற, நான் பக்கத்து லேடீஸ் பெட்டியில் ஏறி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரத்தில் சரியாக இறங்கினான். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

பல்லாவரத்தில்தான் சிக்கல். குன்றத்தூர் பஸ் நிற்கும் இடத்தை, அண்ணனின் விபத்துக்குப் பிறகு, நூறு மீட்டர் தள்ளி மாற்றியிருந்தார்கள். அவனை நான்கு முறை கூட்டிப்போய்க் காட்டியிருந்தேன். அவன் நேராகப் பழைய இடத்துக்குப் போய் நின்றான். ஒரு பஸ் அந்தப் பக்கம் நின்று போயே போய்விட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கலாமா என்று தவித்தேன். பதினொரு நிமிடம் கழித்து, பக்கத்தில் கொய்யா விற்ற அம்மாவிடம் குன்றத்தூர் பஸ் பற்றி அவனே கேட்டான்.

"இங்க எங்க நிக்கிது? அந்தாண்ட போய் நில்லுப்பா. வந்து எம்மாம் நேரம் ஆவுது, இப்பதான் வாய் தொறக்கிற."

அவன் சிரித்துவிட்டுப் போனான். அடுத்த பஸ்ஸில் முன்வாசலில் அவன், பின்வாசலில் நான். டிக்கெட் இரண்டரை ரூபாய். பம்மல், அனகாபுத்தூர் தாண்டி நாற்பது நிமிடம். அவன் பட்டறைக் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி 8.55. மாலை 6.20க்கு வீடு திரும்பினான். எப்படிப் போனாய் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"டிரெயின்ல, பஸ்ல. ஏன், பிளேன் விட்டிருக்காங்களா?"

அம்மா ஜெபம் செய்து அழுதாள். எனக்குத் திருப்தி இல்லை. ஆறு வருடம் போன வழி அது, பழைய நினைவே போதும். புதிதாக ஒன்றாவது தங்கியதா?

இப்படி ஒருவரை வெளியே அனுப்புகிறவர்களுக்கு: சட்டைப் பையில் பெயர், முகவரி எழுதி வையுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே வழி. தடுமாறினால் உடனே குறுக்கே போகாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள அவகாசம் கொடுங்கள். தொட்டிக்குள் இறங்கும் வேலை செய்கிறவர்களுக்கு: உள்ளே காற்று இருக்கிறதா என்று கருவியால் பார்க்காமல் இறங்காதீர்கள். மூக்கை நம்பாதீர்கள்.

மறுநாள் காலையும் பின்னாலேயே போனேன். சானடோரியம் பிளாட்பாரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ரயில் வரும் நேரம். அண்ணன் நேராக என்னிடம் வந்தான்.

"ஜெசி, நேத்து மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு லேடீஸ் பெட்டில வராத. கூடவே உக்காரு."

நேற்று என்றான். அதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.