வெள்ளை வண்டியின் ஐந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்

சீனாவின் கோர்காஸ் எல்லையில் மின்சார வண்டி வாங்க வருகிறவர்கள் யார்டுக்குள் காலை வைத்ததும் கேட்பது, "மெய்ரோங் இருக்காளா?" என்றுதான். சீனத்து ஹுய் இன முஸ்லிம் பெண், ஐம்பத்திரண்டு வயது, தலையில் எப்போதும் ஊதாத் துணி. ஒரு காலத்தில் இதே எல்லையில் தெர்மாஸும் தோல் கோட்டும் விற்றவள். இப்போது கஜகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் போகிற வண்டிகளைப் பொறுக்கித் தருவது அவள் தொழில்.

கதவைச் சாத்திக் காது கொடுத்துக் கேட்பாள். இருக்கையை முழங்கையால் அழுத்துவாள். கடைசியாகக் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்துக்கு வருவாள். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அதில் போட்டிருக்கும். மாடு பிடிக்கிறவன் மடியைப் பார்க்கிற மாதிரி அவள் அந்த எண்ணைத்தான் பார்ப்பாள். பெரிய எண் என்றால் நல்ல வண்டி. பல வருஷம் அந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை.

அவளுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்மாமன் இருந்தார், பேர் யாகூ. அறுபத்திரண்டில் இலி ஆற்றங்கரை ஜனம் கும்பல் கும்பலாக எல்லை தாண்டியபோது, மெய்ரோங்கின் தாத்தா எட்டு வயது யாகூவைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மூத்த மகளுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாணம். அவள் புருஷன் வீட்டோடு இங்கேயே நின்றுபோனாள். அவள் பெற்றவள்தான் மெய்ரோங். முப்பது வருஷம் கழித்து எல்லை திறந்ததும் அக்காவும் தம்பியும் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். அடுத்த குளிருக்கு அக்கா கண்ணை மூடிவிட்டாள். ஆனாலும் யாகூ மாமா உறவை விடவில்லை. வருஷம் தவறாமல் கிர்கிஸ்தானில் அவர் இருந்த டோக்மோக்கிலிருந்து லாரிக்காரர் யார் கையிலாவது ஒரு மூட்டைப் பூண்டு வந்துவிடும். மூட்டை மேல் மாமாவின் கோணல் எழுத்து: "அக்கா மகளுக்கு."

மாமாவுக்கு ஒரே மகன், எர்ஸா. அங்கே மாமன் மகனும் தம்பி முறைதான். டோக்மோக்கிலிருந்து மலை தாண்டி நாரின் ஊருக்கு டாக்சி ஓட்டுகிறவன். போன வருஷம் கோடையில் மாமா போன் செய்தார்.

"மருமவளே, உன் தம்பிக்கு ஒரு கரண்டு வண்டி பாரு. பழைய வண்டி பெட்ரோலைக் குடிச்சே அவனைக் குடிச்சிடும் போல இருக்கு."

"பாத்துடலாம் மாமா. எனக்கு வேற என்ன வேலை?"

பக்கத்திலிருந்து எர்ஸா கத்தினான். "அக்கா, செவப்பு மட்டும் வேண்டாம்! தீயணைப்பு வண்டி வருதுன்னு ஊரே வழிவிட்டுச் சிரிக்கும்."

யார்டில் அப்போது அவன் கேட்டதற்குத் தோதாக இரண்டு வண்டி நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். வெள்ளையின் காகிதத்தில் ஐந்நூற்றுப் பத்து, சாம்பலின் காகிதத்தில் நானூற்று முப்பது. பேட்டரி பார்க்கிற ஷென் அந்த வாரம் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று மெய்ரோங் காத்திருக்கவில்லை. ஐந்நூற்றுப் பத்து பெரிதா, நானூற்று முப்பது பெரிதா? இதைக் கேட்க ஷென் எதற்கு? வெள்ளை வண்டி லாரி ஏறிப் போயிற்று. சாம்பல் வண்டியை ஒரு அல்மாட்டிக்காரன் ஓட்டிக்கொண்டு போனான்.

ஷென் வாங்கிய லீவு ஒரு வாரம், எடுத்தது ஒரு பருவம். அக்டோபரில்தான் திரும்பி வந்தான். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, விற்றுப்போன வண்டிகளின் காகிதங்களைப் புரட்டியவன், ஓரிடத்தில் மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, இந்த ரெண்டையும் ஒரே படியாலயா அளந்தீங்க?"

"என்ன படி?"

"வெள்ளை நம்ம ஊருக்குன்னு செஞ்சது. நம்ம சோதனைப்படி ஐநூத்திப்பத்து. சாம்பல் ஐரோப்பாவுக்குன்னு செஞ்சு மிஞ்சினது, அவங்க சோதனைப்படி நானூத்திமுப்பது. நம்ம படி சின்னப் படி, அதான் எண்ணு பெருசா வருது. ரெண்டையும் ஒரே படியில ஊத்தினா சாம்பல்தான் தூரம் போகும்."

மெய்ரோங் இரண்டு காகிதங்களையும் அவன் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அதுவுமில்லாம சாம்பல்ல குளிருக்குன்னே சூடு ஏத்துற தனி பம்ப்பு இருந்துச்சு. வெள்ளையில வெறும் கம்பிச் சூடு, பேட்டரியை உறிஞ்சிடும். மைனஸ் இருபத்தஞ்சுல மலை ஏறினா சொன்னதுல பாதி தாண்டாது. யாருக்குப் போச்சு இது?"

"யாருக்கோ."

"பாவம் அந்த யாரோ," என்று ஷென் மறுபடி விதையை வாயில் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கே போனை எடுத்தாள். எடுத்தவள் கண்ணில் மாமா அனுப்பியிருந்த வீடியோதான் முதலில் பட்டது. வெள்ளை வண்டியின் கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டி, முன் இருக்கையில் மாமா மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பள்ளிவாசல் முன்னால் ஜனம் சுற்றி நிற்கிறது. மாமாவின் குரல்: "என் அக்கா மவ பொறுக்கிக் குடுத்தது! ஐநூத்திப்பத்து! உங்க எவன் வண்டியாவது ஓடுமா?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். குளிர் வரட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

குளிரும் வந்தது. நவம்பரில் எர்ஸாவே போன் செய்தான். அவன் பேச்சில் மூச்சுக்கு ஒரு அக்கா இருக்கும்.

"அக்கா, மலையில பனி விழ ஆரம்பிச்சிடுச்சு. இந்த எண்ணு குறையுமா அக்கா?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "கொஞ்சம் குறையும்டா. திரையில காட்டுறதை நம்பி ஓட்டு," என்றாள். திரையில் தெரிகிற எண்ணும் அதே சின்னப் படியால் அளந்ததுதான். அது அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் ஒரு நாள் எர்ஸா ஆட்களை ஏற்றிக்கொண்டு நாரின் போய், அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கினான். வீட்டுக் கரண்டில் வண்டி பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. விடிந்ததும் மனைவி ஸுஹ்ராவின் போன் வந்தது. யாகூ மாமா காலைத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அடக்கம் பகல் தொழுகை முடிந்ததும்.

அவர்கள் ஜனத்தில் பிரேதத்தைக் காக்க வைப்பதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. வெட்டிய குழிக்குள் மகன் முதலில் இறங்குவான். தகப்பன் படுக்கப்போகும் இடத்தைக் கையால் தடவி, கல் குத்துகிறதா, மண் சமமா என்று பார்ப்பான். தானே ஒரு நிமிஷம் படுத்தும் பார்ப்பான். அதற்கப்புறம்தான் தகப்பனை இறக்குவார்கள். பெற்ற கடனில் மகனுக்கு மிஞ்சியிருக்கிற கடைசி வேலை அது.

வண்டித் திரை இருநூற்று எண்பது காட்டியது. டோக்மோக்குக்கு இருநூற்று ஐம்பது. அக்கா திரையை நம்பச் சொல்லியிருக்கிறாள். எர்ஸா கிளம்பினான்.

கணவாய் ஏறும்போதே எண் கடகடவென்று கீழே விழுந்தது. ஹீட்டரை அணைத்தான். மூச்சு கண்ணாடியில் உறைந்தது, ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினான். மலை இறங்கி, சார்ஜர் இருக்கிற கொச்கோர் ஊருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றது. அந்தப் பனியில் ரோட்டில் ஈ காக்கை இல்லை. வெகுநேரம் கழித்து நிலக்கரி லாரிக்காரன் ஒருவன் வந்து ஏற்றிக்கொண்டான்.

டோக்மோக் போய்ச் சேர்ந்தபோது கல்லறை மண் மூடி, சமன் செய்து, ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். குழி பார்த்தது பக்கத்து வீட்டுக்காரன்.

மெய்ரோங்குக்கு இதையெல்லாம் ஸுஹ்ரா போனில் சொன்னாள். எர்ஸா ஒரு குறையும் சொல்லவில்லை. "மலைக் குளிர் அக்கா, யார் என்ன செய்ய முடியும்?" என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அவள் இரண்டு வேளை சாப்பிட்டிருப்பாள்.

நாற்பதாம் நாளுக்கு அல்மாட்டி வழியாக பஸ் பிடித்துப் போனாள். மாமா வீட்டில் எண்ணெய்ப் பணியாரம் சுட்ட மணம் தெரு வரைக்கும் இருந்தது. ஆண்கள் கல்லறைக்குப் போய் வந்தார்கள். பெண்கள் போகிற வழக்கமில்லை. கல்லறையில் நின்று மாமாவிடமாவது சொல்லலாம் என்றாலும் அவளுக்கு வழியில்லை.

விருந்தாளிகள் போனபின் எர்ஸா கொட்டிலில் பூண்டுச் சரங்களை இறக்கிக்கொண்டிருந்தான். வெள்ளை வண்டி முற்றத்தில் நின்றது, கண்ணாடியில் அந்தச் சிவப்புத் துணி வெளிறிப்போயிருந்தது.

"எர்ஸா, சாம்பல் கலர்ல இன்னொரு வண்டி இருந்துச்சுடா. அதுதான் உனக்குச் சரியான வண்டி. நான் எண்ணை மட்டும் பாத்து ஏமாந்துட்டேன்."

"எல்லாரும் ஏமாறுவாங்க அக்கா. விடு. பூண்டு எத்தனை சரம் வேணும்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவனே விடு என்று வழி விட்டுவிட்டான், அவள் அதோடு வெளியே வந்திருக்கலாம். ஆனால் அதற்காகவா அவள் இரண்டு எல்லை தாண்டி வந்தாள்?

"எனக்கு அக்டோபர்லயே தெரியும்," என்றாள்.

அவன் கை சரத்திலேயே நின்றது.

"அக்டோபர்லயா? நான் நவம்பர்ல கேட்டேனே."

"கேட்டே."

"நானாத்தானே கேட்டேன்."

இறக்கிய சரங்களைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, காலையில் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். எப்போதும் மாமா எழுதுகிற இடத்தில் எதுவும் எழுதவில்லை.

இப்போது மெய்ரோங் பொறுக்குகிற ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் வெள்ளைப் பேனாவால் இரண்டு எண் எழுதுகிறாள், கோடைக்கு ஒன்று, மலைக் குளிருக்கு ஒன்று. குளிர் எண்ணைப் பார்த்து வாங்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "விக்க வந்தியா, விரட்ட வந்தியா?" என்று ஒருவன் கேட்டான். ஷென் மட்டும் முகம் சுளிக்காமல் அவளுக்குப் பேனாவை நீட்டுவான். அந்த யாரோ யார் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

நோன்புப் பெருநாளன்று எர்ஸாவுக்கு வாழ்த்து அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது. "ஸலாம். உங்களுக்கும் பெருநாள் வாழ்த்துகள்."

அவ்வளவுதான். அக்கா என்ற சொல் இருக்கிறதா என்று மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். இல்லை.